தேர்தல் இருக்கத் தெரு எதற்கு?

தேர்தல் ஒழுங்காக நடக்கும் நாட்டில் மக்கள் இயக்கங்களுக்கு வேலை இல்லை, கோரிக்கை நியாயமானது என்றால் தேர்தலில் நின்று ஜெயித்துக் காட்டட்டும் என்ற வாதம் ஆட்சியில் இருப்போரிடமும் படித்த நடுத்தர வர்க்கத்திடமும் செல்வாக்குள்ளது. தெலங்கானா, ஆந்திர வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை.

முதலில், ஜெயித்துக் காட்டும் விஷயம். 1956இல் தெலங்கானா ஆந்திராவுடன் இணைந்தபோது, வேலைவாய்ப்பிலும் நிதி ஒதுக்கீட்டிலும் பாதுகாப்பு தருவதாக 'பெரிய மனிதர்கள் ஒப்பந்தம்' உறுதி கூறியது. அது காப்பாற்றப்படவில்லை என்ற கோபம் 1969இல் தனி மாநிலம் கேட்கும் மாணவர் கிளர்ச்சியாக வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். 1971 மக்களவைத் தேர்தலில் மர்ரி சென்னா ரெட்டியின் தெலங்கானா பிரஜா சமிதி அப்பகுதியின் 14 தொகுதிகளில் பத்தைப் பிடித்தது. கேட்டபடி ஜெயித்தும் காட்டியாயிற்று, மாநிலம் வரவில்லை. இந்திரா காந்திக்குத் தனிப் பெரும்பான்மை இருந்ததால் பத்து இடங்களுக்கு மதிப்பில்லாமல் போயிற்று, சமிதியும் காங்கிரஸில் கரைந்தது.

இதில் கணக்கே இடித்தது. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றத்தின் 294 இடங்களில் தெலங்கானாவுக்கு 119தான். அத்தனையையும் அள்ளினாலும் அவையில் சிறுபான்மையே. 2014 ஜனவரியில் மாநிலப் பிரிவினை மசோதாவை அந்த அவை குரல் வாக்கெடுப்பில் நிராகரித்ததும் இதனால்தான். நிரந்தரச் சிறுபான்மையாக இருக்கும் ஒரு பகுதியை அடுத்த தேர்தல் வரை பொறுத்திருக்கச் சொல்வது, எப்போதும் பொறுத்திருக்கச் சொல்வதுதான்.

தேர்தலில் எதைப் பற்றி வாக்களிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியையும் இந்த வாதம் தொடுவதில்லை. 1980களில் ஆந்திர அரசே 'வாருணி வாஹினி' என்ற பெயரில் பாக்கெட் சாராயம் விற்றது. மலிவான பாக்கெட் வீட்டு வாசல்வரை வந்தது. கலால் வருமானத்தை விட எந்தக் கட்சிக்கும் மனமில்லை. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் ஊர் ஊராகச் சேர்ந்து கடை ஏலங்களையே நடக்கவிடாமல் தடுத்தனர். 1993 அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் முழு மதுவிலக்கு வாக்குறுதியோடு வென்றவர் என்.டி.ராமராவ், பாக்கெட் சாராயத்தைக் கொண்டுவந்ததும் அவருடைய ஆட்சியே என்பதை மறந்துவிடக் கூடாது. 1997இல் மதுவிலக்கு தளர்ந்தது உண்மைதான். ஆனாலும் வாக்குச்சீட்டுக்கு எட்டாமல் கிடந்த பிரச்சினையை அதன்மேல் ஏற்றியவர்கள் எந்தக் கட்சியையும் சேராத அந்தப் பெண்கள்.

அடுத்து இப்படி வாதிடுவோர் அம்பேத்கரைத் துணைக்கு அழைப்பார்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசமைப்பு வழிகள் திறந்திருக்கையில் சட்டமறுப்பையும் சத்தியாகிரகத்தையும் கைவிட வேண்டும் என்று அவர் எச்சரித்தார். ஆனால் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை அதே அரசமைப்பின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. ஆகவே தர்ணா அரசமைப்பு வழிகளில் ஒன்று. ரயில் மறியலும் சாலை மறியலும் அப்படியல்ல. அவற்றுக்கு அவருடைய எச்சரிக்கை பொருந்தவே செய்யும்.

பொதுமக்களுக்குக் கஷ்டம் என்ற புகாரில் பாதி நியாயம் உண்டு. தனித் தெலங்கானா கோரி 2011 செப்டம்பர் 13 முதல் 42 நாள் நீடித்த 'சகல ஜனுல சம்மெ' என்ற பொது வேலைநிறுத்தத்தில் பேருந்துகள் ஓடவில்லை. சிங்கரேணிச் சுரங்கங்களில் நிலக்கரி வெட்டப்படாமல் மின்வெட்டு வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. அதே ஆண்டு மார்ச் 10 அன்று அதே கோரிக்கைக்காக நடந்த 'மில்லியன் மார்ச்' பேரணியின்போது ஹுசைன் சாகர் கரையில் தெலுங்குப் பெரியோரின் சிலைகள் உடைக்கப்பட்டதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. ஆனால் போராட்டம் நீண்டதற்கு யார் பொறுப்பு என்றும் பார்க்க வேண்டும். 2009 டிசம்பர் 9 அன்று மாநில உருவாக்கத்தைத் தொடங்குவதாக அறிவித்த மத்திய அரசு, ஆந்திர, ராயலசீமா மக்கள் பிரதிநிதிகள் ராஜினாமாக் கடிதம் கொடுத்ததும் 23ஆம் தேதியே பின்வாங்கியது. 2010 ஜூலையில் தெலங்கானாவின் 12 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தலில் தெலங்கானா ராஷ்டிர சமிதி 11 இடங்களை வென்றது. மீதி ஒன்று தனி மாநிலத்தை ஆதரித்த பா.ஜ.க.வுக்கு. தெரு சொன்னதையே வாக்குப்பெட்டியும் சொன்னது. அதற்குப் பிறகும் மாநிலம் பிறக்க 2014 ஜூன் 2 வரை ஆயிற்று.

இயக்கங்கள் கடைசியில் அரசியல்வாதிகளுக்கு ஏணியாகத்தான் பயன்படுகின்றன என்பதே இந்த வாதங்களில் வலுவானது. இயக்கத்தின் வழியே முதல்வரான கே.சந்திரசேகர ராவின் அரசே 2017இல், ஹைதராபாத் இந்திரா பார்க் அருகே தர்ணா சௌக்கில் போராட்டங்களுக்கு அனுமதி மறுத்து, நகருக்கு வெளியே இடம் காட்டியது. தெலங்கானா கூட்டு நடவடிக்கைக் குழுவின் தலைவராக இருந்து அவரோடு சேர்ந்து போராடிய பேராசிரியர் கோதண்டராம் அப்போது எதிர்த்தரப்பில் நின்றார். ஆனால் இது இயக்கம் வேண்டாம் என்பதற்கான சான்றாகாது. ஏறியவர் ஏணியை எடுத்துவிட்ட பிறகு கேள்வி கேட்டதும் ஓர் இயக்கமே. 2018இல் உயர் நீதிமன்றம் தலையிட்டதும் அதன் பிறகுதான். 2021 நவம்பரில் மத்திய அரசு நெல் கொள்முதல் செய்ய மறுப்பதாகக் கூறி முதல்வர் சந்திரசேகர ராவ் அமைச்சர்களோடு தர்ணாவில் உட்கார்ந்த இடமும் இந்திரா பார்க் தர்ணா சௌக்தான்.