தலைமை மாற்றமும் சங்கத்தின் ஆயுளும்

ஆண்டுதோறும் ஜூலை முதல் நாளன்று ரோட்டரி, லயன்ஸ் முதலிய சேவைச் சங்கங்களின் புதிய ஆண்டு பிறக்கிறது. அதனையொட்டி ஊர்தோறும் பதவியேற்பு விழாக்கள் நடைபெறுகின்றன. மாலைகளும் பொன்னாடைகளும் பாராட்டுரைகளும் குறைவின்றி வழங்கப்படுகின்றன. விழா முடிந்த மறுநாள் காலையில் சங்கத்தின் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, பாதியில் நிற்கும் பணி எது, அதை முடிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்பவரோ மிகச் சிலர். இக்கேள்வி அச்சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. நெசவாளரும் உழவரும் கூடி நடத்தும் நமது கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது உயிர்நிலையான கேள்வியாகும்.

ரோட்டரி இயக்கத்தின் வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1905இல் சிக்காகோ நகரில் அதனைத் தோற்றுவித்தவர் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர். ஆனால் அச்சங்கத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர் அவரல்லர். சில்வெஸ்டர் ஷீல் என்ற நிலக்கரி வணிகர். தோற்றுவித்தவர் மூன்றாவது தலைவராகவே அமர்ந்தார். அங்குத் தலைவர் பதவி ஓராண்டுக்கே உரியது. அடுத்த தலைவர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு, பொறுப்பேற்குமுன் பயிற்சியும் பெறுகிறார்.

ஓராண்டில் என்ன சாதிக்க முடியும் என்று சிலர் வினவுவர். அதில் நியாயம் உண்டு. முன்னவர் தொடங்கிய பணியைக் கைவிட்டுத் தம் பெயரில் புதிய பணிக்கு அடிக்கல் நாட்டும் தலைவர்கள் எங்கும் உளர். எனவே ஆண்டுக் கணக்கைக் காட்டிலும், அடுத்தவரை ஆயத்தம் செய்யும் முறையே நாம் கொள்ளத்தக்கது. அம்முறை இல்லாத இடத்தில் ஐந்தாண்டும் வீண். அஃதுள்ள இடத்தில் ஓராண்டும் பயன்தரும்.

இவ்வுண்மையை விளக்க நாம் சிக்காகோவரை செல்ல வேண்டுவதில்லை. வியாசர்பாடியை அடுத்துள்ள பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதியின் வரலாறே போதும். அங்கிருந்த பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்பதற்காக வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் கூடி வந்தனர். அச்சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளரின் துயரங்களைக் கேட்டறிந்து, பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த பி. பி. வாடியாவை அணுகினர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களுள் ஒருவரானார். செல்வபதியும் இராமானுஜலுவும் செயலாளர்களாயினர்.

மூன்றாண்டு நிறைவதற்குள் பெருஞ்சோதனை வந்தது. ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வாடியாவுக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றது. இறுதியில் அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் இயற்றப்பட்டது. அன்று அத்தகைய காப்பு ஏதுமில்லை. ஒரு தனி மனிதரின் ஆற்றலை மட்டும் நம்பி நின்ற சங்கமாயின் அன்றே அது மறைந்திருக்கும். மறையாமைக்குக் காரணம் யாது? திரு.வி.க.வும் செல்வபதியும் முதல் நாள்தொட்டே உடனிருந்து, கூட்டத்திலும் கணக்கிலும் வழக்கிலும் பழகியிருந்தனர். தலைவர் அகன்றபோது, பொறுப்பைத் தாங்கத் தெரிந்த தோள்கள் அங்கே ஆயத்தமாக இருந்தன.

எனினும் அவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ஒற்றுமை சாதியால் பிளவுண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன, வேலைநிறுத்தமும் தோற்றது. இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று தெளிவு. இரண்டாம் வரிசை இருந்தால் மட்டும் போதாது. அவ்வரிசையில் எல்லாத் தெருவினரும் இடம்பெற வேண்டும். தம்மவர் ஒருவரும் பொறுப்பில் இல்லாத மக்கள், நெருக்கடி நேரத்தில் அச்சங்கத்தைத் தமது சங்கமாக ஏன் கருத வேண்டும்?

அச்சங்கம் பின்னரும் தலைமை மாற்றங்களைக் கண்டது. 1946இல் இலங்கையிலிருந்து வந்த எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளை அதன் தலைவரானார். மறு ஆண்டே பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடைபெற்றது. ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. சங்கத்தின் வரலாறோ நமக்குப் பாடமாக நிற்கிறது.

கூட்டுறவுத் துறையின் நிலை என்ன? தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்கள் 1976இல் கலைக்கப்பட்டுத் தனி அலுவலர்களிடம் சங்கங்கள் ஒப்படைக்கப்பட்டன. மீண்டும் தேர்தல் நடந்தது 1996இல். இருபது ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலம். அக்காலத்தில் கணக்கு எழுதப்பட்டது, தணிக்கையும் நடந்தது. ஆனால் கூட்டம் நடத்தவும், எதிர்வாதம் கேட்கவும், தீர்மானம் நிறைவேற்றவும் அங்கத்தினர்க்குப் பயிற்சி கிட்டவில்லை. அரசு அலுவலர் நாற்காலியில் நெடுநாள் அமர்வதும், ஒரே குடும்பத்தார் அதில் நெடுநாள் அமர்வதும் விளைவில் ஒன்றே. இரண்டும் அடுத்தவரை உருவாக்குவதில்லை.

ஆகவே நமது சங்கங்கள் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். துணைத் தலைவர் பதவி வெறும் அலங்காரமாக இருத்தலாகாது. நூல் கொள்முதலிலும் கடன் வழங்குவதிலும் தலைவரோடு அமர்ந்து அவர் பழக வேண்டும். பொறுப்பு மாறும்போது ரொக்க இருப்பு, வங்கிக் கணக்கு, சரக்கிருப்பு, வசூலாக வேண்டிய பாக்கி, தணிக்கைக் குறைகள், நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகியவற்றை எழுத்தில் வடித்து, நிர்வாகக் குழுவின் முன் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். விலகிய தலைவர் ஓராண்டு அழைத்தால் வந்து ஆலோசனை கூறட்டும். அழையாமல் வந்து ஆணையிட வேண்டா. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சட்டம் ஒதுக்கிய இடங்களில் கையெழுத்திட மட்டும் ஆளை அமர்த்துவது சங்கத்திற்குச் செய்யும் துரோகமாகும். அவர்கள் கையிலும் கணக்கும் சாவியும் வர வேண்டும்.

பழைய பாவு முடியுந் தறுவாயில் அதனை அறுத்தெறிந்துவிட்டுப் புதியதைத் தறியில் ஏற்றுவார் இல்லை. பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்த பின்னரே நெசவு தொடர்கிறது. பொறுமை வேண்டும் வேலைதான். ஓரிழை விட்டாலும் துணியில் தெரிந்துவிடும். தறியில் நாள்தோறும் காட்டும் இக்கவனத்தைச் சங்கத்தின் தலைமையிலும் நாம் காட்ட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு கேள்வி கேட்பாராக: “இன்றைய தலைவர் நாளை இல்லையெனில், சங்கத்தை நடத்தத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்?” அதற்கு ஒரே ஒரு பெயர் கூட விடையாகக் கிடைக்காத சங்கம், இலாபம் காட்டினும் நலிவுற்ற சங்கமே.