நெட் கட்டாவதற்கு பக்கத்து வீட்டு ஆண்டெனாதான் காரணமா? சண்டைக்கு போகும் முன் பார்க்க வேண்டியது

சேலம்:
ராத்திரி 9 மணி. வீட்டில் பையன் ஆன்லைனில் டெஸ்ட் எழுதிக்கொண்டு இருக்கிறான். திடீரென்று நெட் கட். மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து மினுக்குகிறது. 2 நிமிடத்தில் திரும்ப வருகிறது. அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் உயரமான பைப், அதில் இருந்து தென்னை மரம் வரை இழுத்துக்கட்டிய ஒயர். அந்த வீட்டுக்காரர் 'ஹாம் ரேடியோ' வைத்திருப்பவர். அவ்வளவுதான், குற்றவாளி சிக்கிவிட்டார் என்று முடிவு கட்டி விடுகிறார்கள்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் குறைவுதான். ஆனால் வீட்டு பிராட்பேண்ட் இப்போது சந்துபொந்து எல்லாம் வந்துவிட்டது. வீட்டில் இருந்தே கம்பெனி வேலை பார்க்கும் பெண், லாரி புக்கிங்கை நெட்டில் பார்ப்பவர், பாடம் படிக்கும் பிள்ளை என்று ஒரு குடும்பத்தின் வருமானமே அந்த ஒரு ஒயரில் தொங்குகிறது. நெட் நின்றால் கோபம் வருவது நியாயம்தான். கோபம் யார் மேல் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

லைசென்ஸ் உள்ளவர்

ஹாம் ரேடியோ என்பது திருட்டு வயர்லெஸ் கிடையாது. மத்திய தொலைத்தொடர்பு துறையின் கீழ் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்பு குறியீடும் தருகிறது. முன்னாள் பிரதமர் ராஜீவ்காந்தி கூட வி.யு.2.ஆர்.ஜி. என்ற குறியீட்டில் பேசியவர்தான். ஆரம்ப நிலை லைசென்சுக்கு 50 வாட், அடுத்த நிலைக்கு 400 வாட் வரை அனுமதி. வீட்டு மிக்சி இழுக்கும் கரண்டை விட இது குறைவு.

அப்படியானால் நெட்டை எப்படி கெடுக்கும்? கெடுக்க முடியும் என்பதும் உண்மை. போன் லைன் வழியாக வரும் பழைய பிராட்பேண்ட் சுமார் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையும், அதற்கு பிறகு வந்த வி.டி.எஸ்.எல். 17 மெகாஹெர்ட்ஸ் வரையும் உள்ள அலைகளை செம்பு கம்பியில் அனுப்புகிறது. ஹாம்காரர்களுக்கு ஒதுக்கிய 1.8, 3.5, 7, 14 மெகாஹெர்ட்ஸ் எல்லாமே இதற்குள் அடங்கி விடுகிறது. கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் ஒயர் தானே ஒரு ஆண்டெனா மாதிரி அலையை இழுத்துக்கொள்ளும். அவர் 10 விநாடி பேசினாலும் மோடம் குழம்பிப்போய் லைனை முதலில் இருந்து பிடிக்க 1, 2 நிமிடம் ஆகிவிடும்.

கேபிள் டி.வி. ஒயரில் நெட் வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் இருந்து ஆபரேட்டருக்கு திரும்பிப்போகும் சிக்னல் 5 மெகாஹெர்ட்சில் தொடங்குகிறது. எங்கோ ஒரு வீட்டில் கனெக்டரை சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் அந்த ஓட்டை வழியாக சத்தம் புகுந்து, அந்த லைனில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் நெட் தள்ளாடும். ஓட்டை ஒரு வீட்டில், அவதி ஒரு தெருவுக்கே.

பைபர் இணைப்பில் இந்த தொல்லை மிகவும் குறைவு. கண்ணாடி இழையில் போவது வெளிச்சம். அதில் ரேடியோ அலை ஏறாது. ஆனால் 'பைபர்' என்று சொல்லி தெருமுனை வரை மட்டும் பைபர் போட்டுவிட்டு, அங்கிருந்து மாடி மாடியாக சாதாரண லேன் ஒயரை தொங்கவிடும் இடங்களும் உண்டு. காசு பைபருக்கு, ஒயர் செம்பு. இதை கண்டுபிடிக்க பெரிய படிப்பு தேவையில்லை. வீட்டுக்குள் வரும் ஒயர் எது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

டி.வி. செய்த வேலை

2020-ம் ஆண்டு இங்கிலாந்து பக்கத்தில் உள்ள வேல்ஸ் நாட்டில் அபெர்ஹோசன் என்ற கிராமத்து கதை உலகம் முழுக்க பேசப்பட்டது. அங்கு 18 மாதமாக தினமும் காலை 7 மணி ஆனால் ஊர் முழுக்க நெட் படுத்துவிடும். கேபிளை மாற்றிப்பார்த்தும் தீரவில்லை. கடைசியில் என்ஜினீயர்கள் அலையை அளக்கும் கருவியை தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். ஒரு வீட்டில் காலையில் போடும் பழைய டி.வி.தான் காரணம் என்று தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் கூனிக்குறுகிப்போய் இனி அதை போடவே மாட்டேன் என்று அணைத்துவிட்டார். ஊரில் ரேடியோகாரர் யாராவது இருந்திருந்தால் அந்த 18 மாதமும் அவர் தலைதான் உருண்டிருக்கும்.

நம் பக்கம் இது போன்ற வில்லன்கள் நிறைய. 100 ரூபாய் சார்ஜர், விலை மலிவான எல்.இ.டி. பல்பு, தறி மோட்டார், கிரைண்டர், தீப்பொறி தட்டும் சுவிட்ச் எல்லாமே ரேடியோ சத்தம் கிளப்பக்கூடியவை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. உங்கள் வீட்டு மோடத்தின் அடாப்டர் கிளப்பும் இரைச்சலில் ஹாம்காரருக்கு வெளியூர் குரலே கேட்காமல் போகலாம். அவரும் உங்கள் வீட்டை பார்த்து பல்லை கடித்துக்கொண்டு இருக்கலாம்.

2 நோட்டு போதும்

எனவே சண்டைக்கு முன் ஒரு வாரம் காலண்டர் தாளில் நெட் கட்டான நேரத்தை குறித்து வைக்க வேண்டும். மணி மட்டும் போதாது, நிமிடமும் வேண்டும். ஹாம்காரர்கள் எப்போது, எந்த அலையில், யாருடன் பேசினோம் என்று 'லாக்' நோட்டு எழுதுவது வழக்கம். 'ஏனுங்கண்ணா, நெட்டு அடிக்கடி நின்னு போகுதுங்க, உங்க நோட்டை கொஞ்சம் பார்க்கலாமுங்களா' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். 2 நோட்டிலும் நேரம் ஒத்துப்போகாவிட்டால் அவர் மேல் பழி போட இடமே இல்லை. தறி ஓடும் நேரம், மோட்டார் போடும் நேரம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

ஒத்துப்போனால் அவரையே 5 நிமிடம் பேசச்சொல்லி மோடத்தை பார்க்கலாம். எந்த அலையில் பேசும்போது நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடாப்டரை மாற்றுவது, துருப்பிடித்த ஜாயிண்டை வெட்டி புதிதாக போடுவது, 'பெரைட்' என்ற கருப்பு வளையத்தில் ஒயரை 7, 8 சுற்று சுற்றுவது எல்லாம் சில நூறு ரூபாய் செலவில் முடியும் காரியம். பழைய கம்ப்யூட்டர் ஒயர்களில் முட்டை போல் புடைத்திருக்குமே, அதற்குள் இருப்பதும் பெரைட்தான். அவர் பக்கம் ஆண்டெனாவை ஒயரில் இருந்து தள்ளி கட்டலாம், வாட்டை குறைக்கலாம், பில்டர் போடலாம். தன் ரேடியோவில் இருந்து ஒதுக்கப்படாத அலையும் கசிந்தால் அதை சரி செய்ய வேண்டியது அவர் பொறுப்பு. அவர் அலை சுத்தமாக இருந்து, உங்கள் ஒயர் ஓட்டையாக இருந்தால் மாற்ற வேண்டியது ஒயர்.

லைசென்ஸ் இல்லாமல் பேசினால் அது குற்றம், அதில் தயவு தாட்சண்யம் தேவையில்லை. லைசென்ஸ் உள்ளவர் மீது சந்தேகம் தீராவிட்டால் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு எழுதலாம். அலைகளை அளந்து பார்க்க அதனிடம் கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக ஆண்டெனா ஒயரை வெட்டுவது மட்டும் கூடாது. கேஸ் உங்கள் மேல் திரும்பிவிடும். பேசிக்கொண்டு இருக்கும்போது அந்த ஒயரை தொட்டால் கை வெந்துபோகும்.

அந்த ஒயருக்கு வேறு ஒரு மதிப்பும் உண்டு. 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி அடித்தபோது ஹாம் ரேடியோ நிகழ்ச்சிக்காக போர்ட்பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் போன் செத்துப்போன அந்தமானில் இருந்து உயிரோடு இருப்பவர்களின் தகவலை வெளியே அனுப்பினார்கள். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையில் இருந்து சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்து குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்ததை பார்த்தவர்களுக்கு, கரண்டும் டவரும் ஒன்றாக போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெட் கம்பெனியிடம் புகார் செய்யும்போது வாயால் சொல்லி விட்டுவிடாமல் புகார் எண் கேட்டு வாங்க வேண்டும். அதில் தீர்வு இல்லாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், 'டிராய்' விதிப்படி அப்படி ஒருவர் இருக்க வேண்டும். டிராய்க்கே நேராக எழுதினால் தனி நபர் புகாரை அது விசாரிப்பது இல்லை, கம்பெனிக்குத்தான் திருப்பி அனுப்பும். நேரம் குறித்த காலண்டர் தாளின் ஜெராக்சையும் புகாரோடு சேர்த்துக்கொடுத்தால், 'மோடத்தை ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்ற பதிலோடு லைன்மேன் திரும்பிப்போக முடியாது.