மங்கில் நிற்கும் மழைநீர்

கொசுவுக்கும் ஒரு தலையங்கமா என்று சிலர் சிரிக்கக்கூடும். காய்ச்சலில் விழுந்து பல நாள் பெரட்டுக்குப் போகமுடியாமல் கிடந்த தொழிலாளியின் குடும்பத்தார் சிரிக்கமாட்டார்கள்.

டெங்கி பினாங்குக்குப் புதிய விருந்தாளியல்ல. 1902-ஆம் ஆண்டிலேயே இங்கு அந்நோய் கண்டதை மருத்துவ ஏடு எழுதியிருக்கிறது. இரத்தக்கசிவோடு வரும் கொடிய டெங்கி இந்நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதும் 1962-இல் இதே பினாங்கில்தான். ஜார்ஜ்டவுன் அஞ்சடிக் கடைகளின் பின்கட்டுத் தொட்டியில் வளரும் ஏடிஸ் கொசுவுக்குத் தோட்டப்புறத்தில் ஒரு தங்கை உண்டு. மரப்பொந்து, தேங்காய்ச் சிரட்டை, பால் மங்கு எல்லாம் அதற்குத் தொட்டில். ஓய்வு விட்ட நிரையில் மரத்தோடு தொங்கும் மங்கில் மழைநீர் நின்றால், 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். அது கடிப்பதோ விடிந்து நாம் மரத்தடியில் நிற்கும் வேளையிலும், மாலை பிள்ளைகள் வாசலில் விளையாடும் வேளையிலும். இரவில் கட்டும் வலையும் கொளுத்தும் சுருளும் அதற்குப் போதுமா?

வீட்டில் நாம் செய்யவேண்டியதைத் தட்டிக்கழிக்கவில்லை. தண்ணீர் டிரம்முக்கு மூடி வேண்டும். வாரம் ஒருமுறை கொட்டிவிட்டு உட்சுவரை அழுந்தத் தேய்க்கவேண்டும். ஒட்டிக்கொண்ட முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் உயிர் பெறும். கொட்டமுடியாத தொட்டிக்கு அபேட் மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம்.

ஆனால் லயத்தைத் துடைத்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் நிற்கும் ஆயிரம் மங்குகளை யார் கவனிப்பது? மலேரியாவின் கதையை நினைத்துப் பார்ப்போம். காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது மலையடிவார ஓடைகளில் வெயில் விழுந்தது. அந்தத் தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகியது. நம் பாட்டன்மார் கூட்டங்கூட்டமாய் மடிந்தனர். 1901 முதல் கிள்ளானிலும், பிறகு தோட்டங்களிலும், டாக்டர் மால்கம் வாட்சன் முயற்சியால் சதுப்பு வடிக்கப்பட்டது, கால்வாய் வெட்டப்பட்டது, ஓடைகளில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. கொசு குறைந்தது நிலத்தில் பணம் செலவிட்டதால். குடிசையில் புகை போட்டதால் அல்ல.

இன்று 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ், கொசுப் புழு கண்ட இடத்துக்கு அபராதம் உண்டு. நியாயமான சட்டம். வீட்டு வாசல் சிரட்டைக்கு நாம் பதில் சொல்வோம். பத்தியில் கிடக்கும் மங்குக்கு நிர்வாகம் பதில் சொல்லட்டும். மங்கைக் கவிழ்ப்பது தொழிலாளி கடமைதானே என்பார்கள். வெட்டுகின்ற நிரையில், ஆம். வெட்டில்லாத நிரையில், கூலியில்லாத வேலையை யார் தலையில் கட்டுவது?

எனவே நாம் கேட்பது இதுதான்: ஓய்வு விட்ட பத்திகளில் மங்கு கவிழ்க்கவும் பொறுக்கவும் வாரத்தில் சில மணி நேரம், கூலியோடு. டிரம்மில் தண்ணீர் சேர்த்துவைக்கத் தேவையில்லாதபடி லயத்துக்குத் தடையற்ற குழாய்நீர். அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் எந்தெந்தப் பத்தி வெட்டின்றிக் கிடக்கிறது என்ற பட்டியலைக் கிராணிமார் எடுத்துத் தரவேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் துரையிடம் பேசப்போகிறோம்.