"வாழ முடியாத தீவு" என்று யார் சொன்னது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் நம் குழுவில் ஒரு காணொளி வந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுகள். கூரையில்லாத கல்வீடுகள், செங்குத்துப் பாறைகள், கூட்டம் கூட்டமாகக் கடற்பறவைகள். கீழே "மனிதன் வாழவே முடியாத தீவு" என்று எழுதியிருந்தது. பலர் கைகூப்பி, ஆகா என்றிருந்தீர்கள்.

அனுப்பிய தம்பி மீது எனக்குக் கோபமில்லை. கோபம் என் மீதுதான். ஓர் ஊர் ஏன் காலியாகிறது என்று கேட்டால், "தட்பவெப்பம் கடுமை, மண் வளமில்லை, ஆகவே மக்கள் வெளியேறினர்" என்று எழுதிய தாள்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டவன் நான். இன்று அந்த விடையைச் சிவப்பு மையால் அடிக்கிறேன்.

செயின்ட் கில்டாவில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் மனிதர்கள் வாழ்ந்தார்கள். கயிறு கட்டிப் பாறையில் இறங்கிப் பறவை பிடித்தார்கள். ஆடு வளர்த்தார்கள். பறவை இறகையே நிலக்காரருக்கு வாடகையாக அளந்தார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று, மிஞ்சியிருந்த 36 பேரும் கப்பலேறினார்கள். யாரும் விரட்டவில்லை, அவர்களே அரசுக்கு மனு எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். இதை நான் மறைக்கவில்லை.

ஆனால் மனு எழுதும் நிலை எப்படி வந்தது? முதல் உலகப் போரின்போது கடற்படை அங்கே ஆட்களை வைத்தது. தபாலும் உணவுப் பொருளும் ஒழுங்காக வந்தன. போர் முடிந்ததும் அந்த வசதி போயிற்று. பின்னாலேயே இளைஞர்கள் கிளம்பினார்கள். கடல் அதே கடல்தான், காற்றும் அதே காற்றுதான். நின்றுபோனது கப்பல்.

இன்னொன்றும் கேளுங்கள். 1957-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதே தீவில் ஏவுகணைகளைக் கண்காணிக்க ரேடார் நிலையம் அமைத்தது. மின்சாரம் வந்தது, ஆட்கள் வந்தார்கள். ஏவுகணைக்காக ஆள் வைக்க முடிந்த தீவு, அங்கேயே பிறந்த 36 பேருக்கு மட்டும் வாழ முடியாத தீவாம்!

அடுத்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் அருகருகே இரண்டு தீவுகள் உண்டு. பெயர் ரம், எக். சிரிக்காதீர்கள், கடைசி பெஞ்சுக்காரர்களே! பெயர் அப்படித்தான்.

ரம் தீவில் 1826-இல் சுமார் 300 பேரை இரண்டு கப்பல்களில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். மண் கெட்டுவிட்டதாலா? இல்லை. தீவு முழுவதையும் ஒரே ஆட்டுப்பண்ணை ஆக்குவதற்காக. குடியானவனைவிட ஆடு லாபம் என்று நிலக்காரர் கணக்குப் போட்டார். பிறகு அதே தீவு பணக்காரர்களின் வேட்டைக்காடானது. ஜவுளி இயந்திரத் தொழிலில் சம்பாதித்த ஒரு குடும்பம் அங்கே மாளிகையும் கட்டிக்கொண்டது. மாளிகைக்கு மட்டும் தட்பவெப்பம் ஒத்துக்கொண்டது போலும்.

எக் தீவும் கைமாறிக் கைமாறித் தனியார் சொத்தாகவே இருந்தது. குத்தகை நிச்சயமில்லாதவன் வீட்டுக் கூரையைக்கூட நம்பி மாற்ற மாட்டான் அல்லவா? 1997 ஜூன் 12 அன்று தீவு மக்களை உள்ளடக்கிய ஓர் அறக்கட்டளை சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவை வாங்கியது. பெரும்பகுதி பொதுமக்கள் தந்த நன்கொடை. அப்போது அங்கே இருந்தவர்கள் 65 பேர் அளவுக்குத்தான். 2008-இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்துச் சொந்த மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அவர்களே வரம்பும் வைத்துக்கொண்டார்கள். இன்று மக்கள்தொகை நூறைத் தாண்டிவிட்டது.

ரம்மில் மலை அதிகம், எக்கில் மண் கொஞ்சம் மேல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எக்கின் மண் 1997-இல் திடீரென்று மாறிவிடவில்லை. மாறியது பட்டாவில் இருந்த பெயர்.

"நூறு பேருக்காக அரசு நஷ்டத்தில் கப்பல் விட வேண்டுமா?" என்று ஒருவர் கேட்பார். தீவுக்காரனுக்குக் கப்பல்தான் சாலை. உங்கள் தெருவில் தார் போட்டபோது லாபம் எவ்வளவு என்று யாராவது கணக்குக் கேட்டார்களா?

ஆகவே பிள்ளைகளே, "மக்கள் தாமாக வெளியேறினர்" என்று எங்கே படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். நிலம் யார் பெயரில் இருந்தது? கப்பலை யார் நிறுத்தினார்கள்? அவர்கள் போன பிறகு அங்கே யார் வந்தார்கள்? அதற்குப் பிறகு மழையையும் காற்றையும் குறை சொல்லுங்கள்.

நான் தப்பாக மதிப்பெண் போட்ட தாள்களை இனித் திருத்த முடியாது. உங்கள் பிள்ளைகளுக்காவது சரியான விடையைச் சொல்லிக்கொடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் கேட்க பயந்தவர்களும் இப்போது கேட்கலாம், பிரம்பு கையில் இல்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்