உயிரோடுதான் இருக்கேன், சர்க்காரே!

முன்னாள் ராணுவத்தினர் என்றாலே நம் பத்திரிகைகளுக்கும் டிவிக்கும் ஒரே ஒரு விஷயம்தான். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம். 2015 ஜூனில் ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். அதே வருடம் நவம்பர் 7-ல் ஆணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் திருத்துவோம் என்பது சரியா என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2022 மார்ச்சில் அரசு சொன்னதே நின்றது. அப்புறம் பாக்கித் தொகையை எத்தனை தவணையில் கொடுப்பது என்று 2023-ல் மறுபடி கோர்ட். எல்லாம் நியாயமான சண்டைதான். முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஒரு சிப்பாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அறுபது வரை நாற்காலியில் இருந்தவனுக்குப் போடும் அதே கணக்கை அவனுக்கும் போட்டால் எப்படி?

ஆனால் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டையில் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, கொடுத்தது போய்ச் சேருகிறதா என்பதில் யாரும் காட்டவில்லை என்பது என் கட்சி. இருபது வருடத்துக்கு மேல் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். நான் வேலூர் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு, கம்மவான்பேட்டை மாதிரி. அதனால் பென்ஷன் புத்தகமும் நீல மையும் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இப்போது இருப்பது அந்தமானில், ரங்கத் பக்கம். இங்கிருந்து படகில் போனால் லாங் ஐலண்ட். ஒரு காலத்தில் பிளைவுட் தொழிற்சாலை ஓடிய தீவு. மரம் வெட்டுவது நின்றதும் ஆள் குறைந்துபோய், இப்போது லாலாஜி பே கடற்கரையைப் பார்க்க வருகிற டூரிஸ்டுகளும் மீதி இருக்கிற குடும்பங்களும்தான். பெங்காலி, தெலுங்கு, தமிழ், ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் கலந்து ஒரு ஹிந்தி பேசுவார்கள் பாருங்கள், டில்லிக்காரன் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவான் :-)

அங்கே நம் பக்கத்து அம்மா ஒருவர். கணவர் பட்டாளத்தில் இருந்து ரிடையர் ஆகி இங்கே மரக் கம்பெனி வேலைக்கு வந்தவர். அவர் போய்ப் பல வருடமாச்சு, குடும்ப ஓய்வூதியம் வருகிறது. போன தடவை ஜெட்டியில் பார்த்தபோது, "தம்பி, ரெண்டு மாசமா பென்ஷன் வரல. பேங்க்ல கேட்டா எங்க கையில இல்லன்னு சொல்றாங்க. யார் கையிலதான் இருக்கு?" என்றார்.

"அம்மா, இப்போ நேரா பிரயாக்ராஜ்ல இருந்து வருதும்மா. லைஃப் சர்டிபிகேட் போட்டீங்களா?"

"போட்டேன். ரேகை விழலன்னு திருப்பி அனுப்பிட்டான்."

பேங்க்காரன் சொன்னது பொய்யில்லை. முன்பெல்லாம் பாதுகாப்புத் துறை பென்ஷனை வங்கிகளின் மையங்கள்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தன. அதற்கு முன்னால் கிளை மேனேஜரே போடுவார். இப்போது ஸ்பர்ஷ் என்கிற கணினி அமைப்புக்கு மாற்றிவிட்டார்கள். பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்திலிருந்து நேராகக் கணக்கில் பணம் விழும். வங்கி வெறும் உண்டியல்தான். ஸ்பர்ஷ் என்றால் தொடுதல் என்று அர்த்தமாம். தொட்டுப் பேச ஆள்தான் இல்லை.

மாற்றியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வங்கிகள் கணக்குப் போட்ட லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு சுற்றறிக்கை வந்தால் ஒரு வங்கி ஒரு மாதத்தில் அமல்படுத்தும், இன்னொன்று இரண்டு வருடம் தூங்கும். ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ், பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு பேருக்கும் வேறு வேறு தொகை. அதற்கு ஸ்பர்ஷ் எவ்வளவோ மேல். ஆனால் மாற்றுகிற அவசரத்தில் என்ன நடந்தது? 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம், வருடாந்தர அடையாளச் சரிபார்ப்பு பதிவாகவில்லை என்று 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதக் கடைசியில் விழவில்லை. சத்தம் கிளம்பியது. உடனே பாதுகாப்பு அமைச்சகம் ஒரு முறை விலக்கு என்று சொல்லி, மே முதல் வாரத்தில் பணத்தைப் போட்டு, மே 25 வரை கெடு கொடுத்தது. அதாவது, முதலில் நிறுத்து, அப்புறம் விசாரி. எனக்கு ஆத்திரம் வருவது இந்த வரிசையில்தான்.

லைஃப் சர்டிபிகேட் வேண்டாம் என்று சொல்கிற கட்சி நானில்லை. செத்துப்போனவர் கணக்கில் மாதாமாதம் பணம் விழுந்து, மகன் ஏடிஎம் கார்டில் உருவிக்கொண்டிருந்த கேஸ் எத்தனை பார்த்திருக்கிறேன்! கடைசியில் வங்கிதான் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். சர்க்கார் பணத்துக்குக் கணக்கு கேட்பது சரிதான். ஆனால் ஒரு வருடம் ஒருத்தரிடமிருந்து சான்று வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஆள் போயிருக்கலாம். அல்லது ஆள் முடியாமல் படுத்திருக்கலாம், ரேகை தேய்ந்திருக்கலாம், படகு ஓடாமல் இருந்திருக்கலாம். இரண்டாவது வகை ஆளுக்குத்தான் அந்த மாதம் பணம் ரொம்பத் தேவை. கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் போடுகிறது.

வீட்டு வாசலுக்கே வந்து செய்துகொடுக்க ஏற்பாடு இல்லையா? இருக்கிறது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்று டிஜிட்டல் சான்று கொண்டுவந்தார்கள். 2020-லிருந்து இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து ரேகை வாங்குகிறார், கட்டணம் 70 ரூபாய். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று மொபைலில் வசதி வந்தது. அதுவும் லாங் ஐலண்டுக்கு இன்னொரு விசேஷம். 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைத்த சென்னை - அந்தமான் கடலடி கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர், அது கரையேறுகிற இடங்களில் இந்தத் தீவும் ஒன்று! ஆனால் கேபிள் கரையேறினால் மட்டும் ஆச்சா? எண்பது வயது அம்மா கையில் ஸ்மார்ட்போன் யார் கொடுப்பது, கண் சிமிட்டு என்று ஆங்கிலத்தில் அது கேட்கும்போது யார் பக்கத்தில் நிற்பது? பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ. அதாவது நாம்தான்.

சரி, அந்த அம்மா விஷயத்தில் ரேகை மட்டும் பிரச்சினையில்லை. பெயர். இது தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஏற்பட்ட தலைவலி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பட்டாளத்தில் சேரும்போது ஆள் எடுக்கும் கிளார்க் வடக்கத்திக்காரராக இருந்தால் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ பின்னால் சேர்த்து எழுதிவிடுவார். கல்யாணமானதும் மனைவி பெயரைப் பதிவு செய்ய பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று உண்டு. அதில் லட்சுமி ஹிந்தி உச்சரிப்பில் லக்ஷ்மி தேவி ஆகிவிடுவாள். கேட்டால், வடக்கே எல்லாருக்கும் தேவிதானே! ஆதாரில் அவளே கணவர் இனிஷியலோடு லட்சுமியம்மாள். வங்கிப் பாஸ்புக்கில் அப்பா இனிஷியல். பேன் கார்டில் அம்மாள் இல்லை. மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றை ஒன்று பார்த்து, இது வேற ஆள் என்று சொல்லிவிடும். திருத்த வேண்டுமென்றால் கணவரின் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் என்றால் பெங்களூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். அங்கிருந்து பிரயாக்ராஜ் போய், திருத்திய பி.பி.ஓ. வர வேண்டும். அந்தமானில் இருக்கும் ஒரு கிழவி இதை எப்படிச் செய்வாள்?

கணவர் உயிரோடு இருக்கும்போது இதே வேலை ஒரு கடுதாசியில் முடிந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பிறந்த தேதியும் அப்படித்தான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு எண்பது வயதானால் 20 சதவீதம் கூடுதல், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50, நூறில் இரட்டிப்பு. அடிப்படை 9,000 ரூபாய் என்றால் எண்பதில் 1,800 கூடும், அதன் மேல் அகவிலைப்படி. ஆனால் பழைய பி.பி.ஓ. பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி என்ற கட்டமே காலி. தேதி இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு அவளுக்கு வயதே ஆகாது. அவளும் கேட்கமாட்டாள், வருகிறதே பெரிது என்று இருப்பாள்.

தீவுகளையும் முன்னாள் வீரர்களையும் பற்றிப் பேசும்போது கிரேட் நிக்கோபாரை விட்டுவிட முடியாது. 1969-லிருந்து 1980 வரை சுமார் 330 முன்னாள் ராணுவக் குடும்பங்களைக் கொண்டுபோய் காம்ப்பெல் பே பக்கம் குடியமர்த்தினார்கள். பஞ்சாபிகள் அதிகம், மராட்டியம், கேரளா, தமிழ்நாடு என்று மற்ற ஊர்க்காரர்களும் உண்டு. நாட்டின் தென்கோடியில் நம் ஆள் இருக்க வேண்டும் என்பது யோசனை. (ஷோம்பென்களும் நிக்கோபாரிகளும் ஏற்கனவே அங்கே இருந்தார்கள் என்பது வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) காட்டைத் திருத்தி, தென்னையும் பாக்கும் வைத்து நிமிர்ந்தபோது 2004 டிசம்பர் 26. கிழக்குக் கரைக் கிராமங்கள் போய்விட்டன. இந்திரா பாயிண்ட்டில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. தப்பித்தவர்கள் தகரக் கொட்டகையில் வருடக்கணக்கில் இருந்தார்கள். இப்போது அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று பெரிய திட்டம், 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. நிலத்துக்கு என்ன விலை என்று அந்த வீரர்களின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாட்டுக்காகப் போ என்றபோது போனவர்களின் பிள்ளைகள்!

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் வந்த இ.சி.எச்.எஸ். நல்ல திட்டம், பெரிய ஆபரேஷன் என்றால் கை கொடுக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறவனுக்கான திட்டம். காம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேர், 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடல். கார்டைக் காட்டினால் கப்பல் வேகமாகப் போகாது.

வங்கிக்காரன் என்பதால் அக்னிவீர் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். 2022 ஜூனில் அறிவித்த திட்டம். நாலு வருடம் முடிந்ததும் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு அனுப்புவார்கள். பென்ஷன் கிடையாது. 7 சதவீத வட்டியில் அதை அப்படியே டெபாசிட் போட்டால் மாதம் 6,800 ரூபாய் சொச்சம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன் அதை டெபாசிட் போடமாட்டான், அக்கா கல்யாணத்துக்குப் போடுவான். எங்கள் ஊரில் பையன்கள் பட்டாளத்துக்குப் போனதே மாதாமாதம் சாகும்வரை வரும் பணத்துக்காக, தனக்குப் பின்னால் பெண்டாட்டிக்கும் வரும் என்பதற்காக. அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு அதே ஊரில் ஆள் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செலவு குறைந்து ராணுவம் இளமையாகும் என்கிறார்கள். ஆகட்டும். அந்த நாலில் மூன்று பங்குப் பையன்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்தையாவது கொடுத்திருக்கலாமே.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சான்று வராத ஓய்வூதியத்தை உடனே நிறுத்தாதே. முதல் மூன்று மாதம் பணத்தைப் போட்டுக்கொண்டே, ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, தபால்காரர் இருக்கிறார், தீவென்றால் பஞ்சாயத்து இருக்கிறது. போய்ப் பார்த்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று ரேகை வைக்கச் சொல்லட்டும். ஆள் இல்லை என்றால் அன்றே நிறுத்து, போட்ட மூன்று மாதத்தை வங்கியிடம் திருப்பி வாங்கு. அதற்கு எங்களிடம் விதி ஏற்கனவே இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவும் இப்போது கம்ப்யூட்டரில்தானே? இறந்தவரைக் கண்டுபிடிக்க இருப்பவரைப் பட்டினி போடுவானேன்?

அரசு செய்யும்வரை நம் பங்குக்கு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது, பேத்தி என்ன சாப்பிட்டாள் என்ற கதை முடிந்ததும் அப்பாவிடம் பி.பி.ஓ.வை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா பெயர் ஆதாரில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கிறதா? ஜாயின்ட் கணக்கு இருந்தால், அம்மாவின் பெயர் பி.பி.ஓ.விலும் இருக்கும்பட்சத்தில், பின்னால் குடும்ப ஓய்வூதியத்துக்காகப் புதுக் கணக்கு திற என்று வங்கி கட்டாயப்படுத்தக் கூடாது. யாராவது அப்படிச் சொன்னால் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிரசவம் பார்க்க, பேரனைப் பார்த்துக்கொள்ள என்று அம்மாவை நியூ ஜெர்சிக்கும் சிங்கப்பூருக்கும் வரவழைத்து ஆறு மாதம் வைத்துக்கொள்கிறீர்கள். அதில் சான்று கொடுக்க வேண்டிய மாதம் மாட்டிக்கொண்டால் கவலை வேண்டாம், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலேயே லைஃப் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கலாம். போகும்போது பாஸ்போர்ட்டோடு பி.பி.ஓ. நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாங் ஐலண்ட் அம்மாவுக்கு முகம் காட்டுகிற முறையில் ஜெட்டி வெயிட்டிங் ஷெட்டிலேயே வைத்துச் செய்தோம். மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டது. பெயர்த் திருத்தத்துக்கு வெலிங்டனுக்குப் பதிவுத் தபால் போயிருக்கிறது. பதில் வரவில்லை. அங்கே வேலை பார்க்கிற நம்மவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள்.