பதிவேட்டின் முதல் பக்கம்

வங்கியில் இருந்த காலத்தில், கடன் கேட்டு வரும் விவசாயியிடம் நான் முதலில் கேட்டது மூலப்பத்திரம்தான். "தாத்தா காலத்துலருந்து நாங்கதான் சார் உழுறோம்" என்பார்கள். ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதே! முப்பது வருட வில்லங்கம், பாகப்பத்திரம், வாரிசுச் சான்று என்று எல்லாம் கொண்டுவந்த பிறகும் வக்கீல் ஒரு ஓட்டையைக் காட்டுவார். அதற்குள் நடவுப் பருவம் போய்விடும்.

இந்தத் தலைவலிக்கு 1858-லேயே மருந்து கண்டவர் ராபர்ட் ரிச்சர்ட் டோரன்ஸ். அயர்லாந்துக்காரர். 1840-ல் தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்குச் சுங்க அதிகாரியாகப் போனார். வக்கீல் அல்ல. கப்பல் கைமாறும்போது யாரும் பழைய பத்திரங்களைத் தோண்டுவதில்லை, பதிவேட்டில் பெயரை மாற்றினால் போதும். நிலத்துக்கும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டார். ஹாம்பர்க் பதிவுமுறையை அறிந்த ஜெர்மானிய வழக்கறிஞர் உல்ரிக் ஹூப்பேயின் பங்கும் இதில் உண்டு. அது எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

1857-ல் அடிலெய்டு தொகுதியில் வென்றார். அதே ஆண்டு ஏறக்குறைய ஒரு மாதம் அந்தக் குடியேற்றத்தின் பிரதமராகவும் இருந்தார். பதவி போனாலும் மசோதாவை விடவில்லை. வக்கீல்களின் எதிர்ப்பை மீறி 1858 ஜனவரியில் நிறைவேற்றினார். பிறகு சட்டமன்ற இடத்தையே விட்டுவிட்டு, தலைமைப் பதிவாளராக உட்கார்ந்து சட்டத்தை நடத்தியும் காட்டினார்.

சட்டத்தின் சாரம் எளிது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், பின்னோக்கித் தோண்ட வேண்டியதில்லை. தவறால் நிலம் இழந்தவருக்கு ஒரு நிதியிலிருந்து இழப்பீடு. ஆஸ்திரேலியா முழுக்கவும், நியூசிலாந்து, மலேயா வரையும் இந்த முறை பரவியது.

நம் நாட்டில் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிகிறது, உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. பட்டாவும் உரிமைக்கு முடிவான சான்று அல்ல. அப்படியென்றால் டோரன்ஸ் முறை இங்கேயும் வரட்டுமே என்றுதான் வங்கிக்காரனாக நானும் நினைத்தேன். உழவனான பிறகு ஒரு கேள்வி உறுத்துகிறது: அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை எழுதியது யார்?

அடிலெய்டு சமவெளி கௌர்னா பழங்குடி மக்களின் மண். அங்குள்ள பூர்வகுடிகள் வாழும் நிலத்தில் அவர்களுக்குள்ள உரிமையைக் காப்போம் என்று 1836-ல் பிரிட்டிஷ் அரசாணையே சொன்னது. நடந்தது வேறு. அந்த நிலத்தை விற்ற ஆணையத்துக்கு டோரன்ஸின் அப்பாவே தலைவராக இருந்தவர். மகனின் பதிவேடு, அரசு கொடுத்த பட்டயத்திலிருந்து தொடங்கியது. அதற்கு முன் அங்கே இருந்தவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பிந்தைய பக்கங்கள் எல்லாம் சுத்தம், முதல் பக்கத்தில்தான் கோளாறு. பின்னோக்கிப் பார்க்க வேண்டாம் என்ற வசதியே அந்தக் கோளாறுக்குப் பூட்டும் போட்டுவிட்டது.

இது தூரத்துக் கதை இல்லைங்க. முடிவான உரிமை தருவோம் என்பது மத்திய அரசின் நில ஆவணத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆந்திரத்தில் 2022-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். விவசாயிகளும் வக்கீல்களும் அஞ்சினார்கள், தேர்தலில் பெரும் பிரச்சினையானது, 2024-ல் ரத்து செய்யப்பட்டது. நாளை இங்கேயும் வரலாம்.

வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மண்ணில் உயிர் ஏற மூன்று நான்கு வருடம் ஆகும். நிலம் நமதா என்ற சந்தேகத்தோடு யார் எரு போடுவார்? ஆனால் முதல் பக்கம் எழுதும்போது வாய்க்குத்தகைக்கு உழுபவர், பாகம் எழுதித் தராத சகோதரி, மேய்ச்சல் புறம்போக்கை நம்பி ஆடு வளர்ப்பவர், எல்லோர் சொல்லும் கிராமசபையில் கேட்கப்பட வேண்டும். ஆட்சேபணைக்குப் போதிய காலமும், பக்கத்திலேயே சிவில் நீதிமன்றமும் வேண்டும். இன்னொன்று, வங்கியில் பார்த்தது: எளிதாக அடமானம் வைக்க முடிந்த நிலம் எளிதாக ஏலத்துக்கும் போகும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரமே வி.ஏ.ஓ. அலுவலகம் போய் உங்கள் சிட்டாவையும் அடங்கலையும் எடுத்துப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே கிடந்தால் இப்போதே மாற்றுங்கள். ஊர் மேய்ச்சல் நிலம் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள்.