ஐரோப்பாவின் ஆராய்ச்சி நிதி: தங்கவயலுக்கு எட்டாக் கனியா?

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு தங்கவயலில் சுரங்க வேலை நின்று போனது. அன்று முதல் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயில்தான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. விடியற்காலையில் அந்த ரயிலைப் பிடிக்கும் தொழிலாளியும் குமாஸ்தாவும் கடனோ உடனோ வாங்கிப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கிறார்கள். படித்து முடித்த பிள்ளைக்கும் அதே ரயில்தான் கதியா?

வேறு வழியும் இருக்கிறது. 2021 முதல் 2027 வரைக்கான ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஐரோப்பிய யூனியன் தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை சுமார் 9,550 கோடி யூரோ. 'ஹொரைசன் யூரோப்' என்பது அதன் பெயர். கம்ப்யூட்டர், தகவல் தொடர்பு, செயற்கை அறிவு ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. இந்தியர் சேரத் தடை இல்லை.

ஆனால் இதற்கு இரண்டு வாசல்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று மாணவருக்கு உரியது. மற்றது கல்லூரிக்கு உரியது.

மேரி கியூரி பெயரில் உள்ள முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம் மாணவருக்கான வாசல். இதில் சேர்பவருக்குக் கிடைப்பது தர்மப் பணம் அல்ல. வேலை ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் ஆகும். எந்த நாட்டவரும் மனுச் செய்யலாம். ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றவராக இருக்கக் கூடாது. சேரப் போகும் நாட்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கவும் கூடாது. காலியிடங்கள் 'யுராக்சஸ்' என்ற இணையதளத்தில் இலவசமாக வெளியிடப்படுகின்றன. "ஐரோப்பாவில் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரிடம் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்கும் பெற்றோர் இதை அறிய வேண்டும்.

கல்லூரிக்கான வாசல் குறுகலானது. பொதுவாக, வெவ்வேறு மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்களாவது கூடி மனுச் செய்ய வேண்டும். அவை ஐரோப்பிய யூனியன் நாடுகளிலோ அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளிலோ இருக்க வேண்டும். இந்திய நிறுவனம் அவற்றோடு கூடுதலாகத்தான் சேர முடியும். திட்டத்தின் சிறப்பு, அதனால் விளையும் பயன், நிறைவேற்றும் திறமை என்று மூன்று தலைப்புகளில் தலா 5 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 வாங்காத மனு தள்ளப்படும். 2014 முதல் இந்திய நிறுவனங்களுக்கு ஐரோப்பியப் பணம் தானாக வருவதும் இல்லை. தன் பங்குச் செலவைத் தானே தேட வேண்டும். சில அறிவிப்புகளுக்கு மட்டும் மத்திய அரசின் அறிவியல் துறைகள் அந்தப் பங்கைக் கொடுக்கின்றன.

இவ்வளவு பெரிய போட்டியில் ஊரிகம் எந்த மூலை என்று கேட்கலாம். பழைய கதை ஒன்று அதற்குப் பதில் சொல்லும். 1965-ல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சுமார் 7,500 அடி ஆழத்தில், வானில் உண்டாகும் 'நியூட்ரினோ' துகளின் அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கூடிச் செய்த வேலை அது. அன்று உலகம் தங்கவயலைத் தேடி வந்தது இரக்கத்தால் அல்ல. வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஆழம் இங்கே இருந்தது.

இன்று அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. ஆயினும் வேறு இடத்தில் கிடைக்காத பொருள் இன்னும் இருக்கிறது. நூறாண்டு அரைத்த மண் சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. காற்று காலத்தில் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வந்து சோற்றில் விழுகிறது. அந்தத் தூசியை நாள் முழுதும் அளந்து செய்தி அனுப்பும் கருவி, பழைய சுரங்கத்தின் மேலுள்ள நிலம் அசைந்தால் எச்சரிக்கும் கருவி ஆகியவை தகவல் தொடர்புத் துறை ஆராய்ச்சியே. கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐரோப்பாவிலும் ஏராளம். பின்லாந்தில் பைஹாசல்மி என்ற ஆழமான சுரங்கத்தில் 2022-ல் தோண்டும் வேலை முடிந்தது. அதற்கு முன்பே அந்த ஊரார் அதை ஆராய்ச்சிக் கூடமாக்கும் வேலையைத் தொடங்கி விட்டார்கள்.

ஊரிகத்தில் திம்மையா பெயரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட கல்லூரிகள் மாபெரும் மனுவைத் தாமே எழுத முயல வேண்டியதில்லை. சுரங்க ஊர்களில் வேலை செய்யும் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு தொடர்பு கொண்டு, "எங்களிடம் இந்தப் பிரச்சினை இருக்கிறது, ஓராண்டு எடுத்த அளவுகளும் இருக்கின்றன" என்று சொன்னால் போதும். வெறுங்கையோடு போகிறவனைவிடக் கணக்கோடு போகிறவனுக்கே கூட்டாளி கிடைப்பான்.

2028 முதல் 2034 வரைக்கான அடுத்த திட்டத்துக்கு 17,500 கோடி யூரோ வேண்டும் என்று ஐரோப்பியக் கமிஷன் 2025 ஜூலையில் யோசனை கூறியது. அதற்கான ஆயத்தம் இப்போதே தொடங்க வேண்டும். இந்தியப் பங்குச் செலவுக்குக் கர்நாடக அரசும் மத்திய அரசும் சிறு கல்லூரிகளுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். நாட்டுக்குத் தங்கம் கொடுத்த ஊர் கேட்கும் இந்த உதவி பெரிய தொகை அல்ல.